கண் ஆஸ்பத்திரியில் பதினேழு கொக்கிகள்

பேரன்பும் பெருமதிப்பும், அவற்றுக்கு மேலே கொஞ்சம் பயமும் சேர்த்து என்றும் வணங்கும் அக்காவுக்கு, உன் ஒரே தம்பியும் இந்த ஊரின் தலைசிறந்த பூட்டு நிபுணனுமாகிய நான் எழுதிக்கொண்டது. இங்கே நானும், கடையும், கடையில் தொங்கும் ஆயிரத்து இருநூறு சாவிகளும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முழங்காலும் உன் கோபமும் சௌக்கியமாக இருக்க விரும்புகிறேன். கோபம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் பாதகமில்லை.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே தொட்டால் சுட்டது. "நாலு மாசமா உன் வீட்டு மாடியில இருக்கா. அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில அவ என்னதான் பண்றான்னு ஒரு தடவையாவது போய்ப் பார்த்தியாடா? பார்த்துட்டு விவரமா எழுது. எனக்குத் திருப்தி இல்லன்னா சனிக்கிழமை காலையில வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாய். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும், நாளைக்குப் பெண் கேட்டு ஒருத்தன் வாசல் மிதிக்க மாட்டான் என்று பின்பக்கத்தில் வேறு. உன் மகளிடம் காட்டினேன். படித்தாள். முகம் இவ்வளவு சின்னதாகிவிட்டது. ஆனால் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "அம்மா சொன்னா சொன்னதுதான். நீங்க போய்ப் பாருங்க மாமா. பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றாள். அந்த 'மட்டும்' எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் நம் குடும்பத்தில் என்னை விட்டால் வேறு யார்? எட்டாம் வகுப்பை மற்றவர்கள் ஒரே வருடத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓடினார்கள். நான் மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவள் இங்கே வந்த முதல் நாளே எதிர்க்கடை முடிதிருத்துபவர் கையில் கத்திரியோடு வந்து, "யாரு சாவிக்காரரே, மாடிக்குப் புதுசா?" என்றார். "அக்கா மக. பெரிய நர்ஸ்" என்றேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா, சத்தியமாகத் திறந்தேன். ஆனால் உன் முகமும், பெண் கேட்டு வரப்போகிறவன் முகமும் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றன. "கண் ஆஸ்பத்திரி" என்று வந்துவிட்டது. வந்ததோடு நின்றிருக்கலாம். ஒரு பெரிய மனிதரின் இடது கண்ணை அவள்தான் காப்பாற்றினாள், வலது கண்ணை டாக்டர்களிடம் விட்டதால் அது போய்விட்டது என்றும் சேர்த்துச் சொன்னேன். சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள் இல்லையா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவளுக்குத் தெரிந்து, "எதுக்கு மாமா பொய்?" என்று கேட்டாள். "உன் பாதுகாப்புக்குத்தான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பூட்டில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்ப்பேனே, அந்த மாதிரி.

மறுநாளே ஆள் வர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் மூன்றாம் வீட்டுக் கேஷியர் மனைவி. கேஷியர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார், மகன்கள் இருவரும் தூரத்தில். "காலையில எழுந்ததுலேர்ந்து கண்ணுல தண்ணி வந்துட்டே இருக்கும்மா. தூசி ஒண்ணும் இல்ல" என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உன் மகள் கண்ணில் விளக்கு அடித்துப் பார்ப்பாள் என்று நானும் ஆவலாகக் கீழே நின்றேன். விளக்கும் இல்லை ஒன்றும் இல்லை. படியில் அவர் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன் அக்கா. முழுசாக இரண்டு நிமிடம்! நம் வீட்டில் இரண்டு நிமிடம் யாராவது பேசாமல் இருந்ததுண்டா? அவள் கல்யாணப் பேச்சு நின்றுபோன அன்றைக்குக்கூட இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். அந்த அம்மாள் அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டால் உன் மகள் சொல்ல மாட்டாள். உலகத்தில் எந்தப் பூட்டையும் திறப்பவன் நான். அவள் வாய்க்கு மட்டும் என்னிடம் சாவி இல்லை.

அப்புறம் பஸ் டிரைவர் வந்தார். பஸ் ஓட்டும்போது, ஒரு திருப்பத்தில் ஆளே இல்லாத இடத்தில் ஆள் குறுக்கே ஓடுவது போல் கண்ணுக்குத் தெரிகிறதாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் திருப்பத்தில் நிஜமாகவே ஒருவர் ஓடினார் என்பது தெருவுக்கே தெரியும். அப்புறம் இன்னொருவர். பெயர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் நல்ல பெயருள்ள தொழில்காரர், நல்ல உயரம், களையான முகம். அவருக்கு மனைவி தவறிப்போனதிலிருந்து காலை நேரத்தில் கண் திறக்கவே கனமாக இருக்கிறதாம். யாரோ ஒருவர், விடு. இப்படி ஆறு பேர். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, "வியாழக்கிழமை வெளிநோயாளிப் பிரிவு இருக்கு, நானே கூட வரேன்" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப் போவாள். அந்த பஸ் கண் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த் திசையில் போகும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் ரகசியம் எவ்வளவு பலமாக இருக்கிறது பார் என்று நான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

சரி, உன் ஆணைக்கு வருகிறேன். சென்ற திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு டப்பாவை அவள் மறந்து வைத்துவிட்டுப் போனாள். நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன் என்று அவள் சொல்வாள், நம்பாதே. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொழில்முறையில் எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. யானைக்குப் போடுகிற மாதிரிப் பூட்டு இருக்கும், சங்கிலி இருக்கும், அவற்றைத் தடவிப் பார்க்கலாம் என்று. வார்டு வாசலில் என் பெட்டிக்குப் போடுகிற அளவில் ஒரு பூட்டு, அதுவும் திறந்து தொங்குகிறது. ஏமாற்றமாகப் போய்விட்டது. குளியலறைத் தாழ்ப்பாள்கள்தான் புதுமை. உள்ளே இருப்பவர் போட்டுக்கொள்ளலாம், வெளியே இருக்கும் நர்ஸும் ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். மரியாதைக்குத் தாழ்ப்பாள், அவசரத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதை யோசித்தவன் யாராக இருந்தாலும் என்னிடம் வேலைக்குச் சேர்த்துக்கொள்வேன்.

வராந்தாவில் என்னை உட்காரச் சொன்னார்கள். பைத்தியம் என்றால் நூறு கஜத்திலிருந்து கண்டுபிடிப்பேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பத்து பேரைப் பார்த்தேன். ஒருவர் பேப்பர் படித்தார், ஒருவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், ஒருவர் என்னைப் பார்த்து, "யாரைப் பார்க்க வந்தீங்க, தனியா உட்கார்ந்திருக்கீங்களே" என்று கவலையாக விசாரித்தார். அங்கே நர்ஸ்கள் சீருடை போடுவதில்லை. எனவே யார் நோயாளி, யார் நர்ஸ் என்பதை நான் ஏழு பேர் விஷயத்தில் தவறாகவும் மூன்று பேர் விஷயத்தில் சந்தேகமாகவும் கண்டுபிடித்தேன். ஒல்லியான ஒரு ஆள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். சாப்பிட வரமாட்டேன் என்கிறார். உன் மகள் போய்ப் பக்கத்தில் நின்று, அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்குச் சத்தம் எவ்வளவுண்ணே?" என்றாள். அவர் ஏழு விரல் காட்டினார். "நேத்து?" ஒன்பது. "ரெண்டு குறைஞ்சிருக்கே! சாப்பிட்டுட்டு வந்து மறுபடி எண்ணிப் பார்ப்போமா?" என்றாள். அவர் காதிலிருந்து கையை எடுத்தார், நடந்தார், உட்கார்ந்து சாப்பிட்டார். என்ன சத்தம் என்று நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அந்த ஆளுக்கு வேறென்ன கேட்டிருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், இன்னும் யோசிக்கிறேன்.

அவளுக்கு வேலை முடிய நேரமாகும் என்றதால் சும்மா நடந்தேன். பக்கத்தில் புது வார்டு. பெயிண்ட் வாசனை, கட்டில் மட்டும் போட்டிருக்கிறது, மறுநாள் திறக்கப் போகிறார்கள், நோயாளிகள் இன்னும் வரவில்லை. தச்சு வேலை ஆட்கள் இருவர் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும், குளியலறையிலும் துண்டு மாட்ட ஒரு கொக்கி. தொழில்காரன் கை சும்மா இருக்குமா? ஒன்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். பொத்தென்று கையோடு வந்துவிட்டது! அடுத்ததை இழுத்தேன், அதுவும். பதினேழு கொக்கி, பதினேழும் அதே லட்சணம். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது அக்கா. பாவம், உடம்புக்கு முடியாமல் வந்து படுக்கிறவர்களுக்குத் துண்டு மாட்ட ஒரு நல்ல கொக்கிகூடக் கிடையாதா? இது எந்த ஏமாற்றுக்காரன் வேலை? தச்சர்களிடம், "திருப்புளியை எடுங்கப்பா. நீளத் திருகாணி இருக்கா?" என்றேன். என் குரலைக் கேட்டு என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்திருக்க வேண்டும், எழுந்து நின்று கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். பதினேழையும் சுவரோடு சுவராக இறுக்கினேன். யானையைக் கட்டலாம். பைசா வாங்கவில்லை. பெயர்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன், தர்மம் என்றால் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் உன் மகள் வந்தாள். கடை வாசலில் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எதிரே இல்லை, பக்கத்தில். எனக்கு அப்போதே சுரீர் என்றிருக்க வேண்டும்.

"மாமா, புது வார்டுல கொக்கியெல்லாம் நீங்கதானே இறுக்கினீங்க?"

"நன்றியெல்லாம் வேண்டாம்மா."

எதிர்க்கடையில் கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் தாங்காமல், "ஏன், ஒண்ணாவது ஆடுதா?" என்றேன்.

"ஆடல. எங்க பெரிய சிஸ்டர் திறப்புக்கு முன்னால கடைசியா ஒரு தடவை சோதிச்சாங்க. ஒவ்வொரு கொக்கியையும் ரெண்டு கையால பிடிச்சுத் தொங்கிப் பார்த்தாங்க. ஒண்ணுகூட விழல."

பெரிய சிஸ்டரை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. "பார்த்தியா!" என்றேன், தொடையில் தட்டி.

"அது விழணும் மாமா" என்றாள். "துண்டு தாங்கணும். ஆள் கனம் வந்தா விழுந்துடணும். அதுக்குன்னே செஞ்ச கொக்கி அது. அங்க வர்றவங்கள்ல சில பேரு உயிரோட இருக்க வேண்டாம்னு நினைச்சு வர்றவங்க. அந்த நினைப்பு வர்ற அஞ்சு நிமிஷத்துல சுவத்துல எது கையில கிடைக்குதுங்கறது முக்கியம். பதினேழையும் காலையிலதான் இழுத்துப் பார்த்து, எல்லாம் விழுதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்."

அக்கா, உன் தம்பியை நீ அறிவாய். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அன்றைக்குக் கையில் ஒரு பூட்டு இருந்தது, அதையே திறந்தேன், பூட்டினேன், திறந்தேன். "உன் வேலை?" என்று மட்டும் கேட்டேன். "தெரியல. யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. எங்க மாமான்னு சொல்லிட்டேன். விசாரிக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றாள். அப்புறம் சிரித்தாள். "அம்மா சனிக்கிழமை வர்றதுக்குள்ள நீங்களே என்னை அனுப்பி வெச்சுடுவீங்க போல!"

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வேன் வந்து கடை வாசலில் நின்றது. பக்கவாட்டில் மனநல மருத்துவமனை என்று இத்தனை பெரிய எழுத்தில், என் ரகசியத்தை ஊருக்கே படித்துக் காட்டிக்கொண்டு. கதவைத் திறந்து பெரிய சிஸ்டரே இறங்கினார். "நீங்கதான் கண் ஆஸ்பத்திரி மாமாவா? திருப்புளியை எடுத்துக்கிட்டு ஏறுங்க" என்றார். ஏறினேன். முடிதிருத்துபவர் பாதி சிரைத்த ஆளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். "அதானே பார்த்தேன்! அந்த ஆஸ்பத்திரியா? அங்க வேலை செய்யறவங்களுக்கே லேசா ஒட்டிக்கும்பாங்களே சாவிக்காரரே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். தொழில்வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் செய்த வேலையை நானே கழற்றினேன். பதினேழு. ஒவ்வொன்றையும் கழற்றிப் பழையபடி மாட்டியதும் பெரிய சிஸ்டர் தொங்குவார், கொக்கி விழும், அவர் காலூன்றி நிற்பார், "அடுத்தது" என்பார். கடைசிக் கொக்கி விழுந்ததும் என்னைப் பார்த்து, "உங்க அக்கா பொண்ணு, யாரு செஞ்சாங்கன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். தப்பிச்சிருப்பா. சொல்லல. இந்த மாதிரி ஆள்தான் எனக்கு வேணும். அவ வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க மட்டும் இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள சாப்பாட்டு டப்பாவோட சரி" என்றார். என்னை எச்சரித்த மாதிரி உனக்குத் தோன்றலாம். அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது, நேரில் கேட்டால்தான் தெரியும்.

ஆனால் தெருவை நினைத்துத்தான் எனக்குப் பயம். சாயங்காலம் மாடிப்படியில் ஒருவரும் இல்லை. உன் மகள் ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இனி யாரும் வரமாட்டார்கள், என் வாயால் வந்த வினை என்று கடையைச் சாத்தப் போனேன். அப்போது கேஷியர் மனைவி வந்தார். "கண்ணு காட்டணும். இருக்காளா?" என்றார். நான் குரலைத் தாழ்த்தி, "அம்மா, அது கண் ஆஸ்பத்திரி இல்லம்மா. நான்தான்…" என்று இழுத்தேன்.

"எங்களுக்கு மொத நாளே தெரியும் சாவிக்காரரே" என்றார் அந்த அம்மாள். "நான் மனநல நர்ஸ்னுதான் அவ மொத வார்த்தையே சொன்னா. எங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான். நாங்கதான், நீங்க இவ்வளவு ஜோடிச்சுச் சொல்லி வெச்சிருக்கீங்களே, உங்க மனசு நோகக் கூடாதுன்னு கண்ணு கண்ணுன்னு சொல்லிட்டு இருந்தோம். இப்போ அதுவே சௌகரியமா இருக்கு. வழியை விடுங்க."

பின்னாலேயே டிரைவர். அவரும், "கண்ணுதான்" என்று எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏறினார். முந்தாநாள் கடை சாத்தும் நேரத்தில் முடிதிருத்துபவர் வந்தார். கொஞ்ச நேரம் என் சாவிகளை எண்ணினார். "சாவிக்காரரே, எனக்கும் ரெண்டு மாசமா கண்ணு லேசா…" என்றார். "ஒட்டிக்குமே?" என்றேன். "சும்மா இருங்க" என்றார்.

ஆக, பார்த்ததை மட்டும் எழுதிவிட்டேன். முடிவு சொல்ல வேண்டியது உன் பொறுப்பு, உன் சொல்லுக்கு மறுசொல் பேசி நான் வளரவில்லை. நீ சொன்னபடியே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றுவிட்டாள். பெட்டி கட்டியாகிவிட்டது, நடைவாசலில் வைத்திருக்கிறது. சனிக்கிழமை வந்து கூட்டிப் போ. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, காலை ஒன்பது அடித்தால் கடை திறந்துவிடுவேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், ஆள் தேக்கு மாதிரி இருக்கிறேன், என்னைப் பற்றிய கவலையே உனக்கு வேண்டாம். உன் முழங்கால் இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே குணமாகட்டும், உன் வீட்டுக் கதவுகள் எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரித் திறந்து மூடட்டும் என்று உன் பாதம் தொட்டு வேண்டிக்கொள்ளும்,
உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பெட்டி கட்டியாகிவிட்டது என்ற வரியை அடித்துவிடு. நடைவாசலில் இருப்பது என் பழைய பூட்டுப் பெட்டி. அவளிடம் நான் ஒன்றும் கண்டிப்பாகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஒன்பது மணி என்பதையும் அடித்துவிடு. இரண்டு வருடமாகக் கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கிறது, சில நாள் அதுவும் இல்லை. அந்த உயரமான, களையான முகமுள்ள தொழில்காரர் யார் என்று நீ இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பாய், நீ எனக்கு அக்கா அல்லவா? நான் மூன்று வியாழக்கிழமை வெளிநோயாளிப் பிரிவுக்கு மட்டும் போய்விட்டு வந்தேன், வார்டுக்குள் நுழைந்தது அந்தத் திங்கட்கிழமைதான். நேற்றுப் பத்தரைக்கே கடை திறந்தேன், முடிதிருத்துபவரைக் கேள். இன்னொன்று. போன தடவை நீ வந்திருந்தபோது சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாய். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை அக்கா. நான்தான் வாங்க மறந்திருந்தேன். அதனால் சனிக்கிழமை வராதே, புதன்கிழமை வந்து தங்கு. வியாழக்கிழமை ஒரே பஸ்ஸில் மூவரும் போகலாம், கண் காட்டப் போகிறோம் என்று தெருவில் நான் சொல்லிக்கொள்கிறேன். தங்கும்போது உன் பையை என் அறைக் கொக்கியில் மட்டும் மாட்டாதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பழையதைக் கழற்றிவிட்டு நானே ஒன்று செய்து மாட்டினேன். துண்டு தாங்கும், பை தாங்காது, விழும். விழத்தான் வைத்திருக்கிறேன்.